புதுப்பிப்பு: ஊர்க் காட்டில் கொடி அறுத்த பிறகு

மாசசூசெட்ஸில் எங்கள் நகராட்சிக்குச் சொந்தமான காட்டில் ஓரியண்டல் பிட்டர்ஸ்வீட் (ஆசியாவிலிருந்து வந்து மரங்களைச் சுற்றிப் படரும் அந்நியக் கொடி) ஓக் மரங்களை நெரிப்பதைப் பற்றிச் சென்ற இலையுதிர் காலத்தில் எழுதியிருந்தேன். பிடுங்குவதா, அறுப்பதா என்றும் கேட்டிருந்தேன்.

அறுத்தோம். இடுப்பளவில் ஒரு வெட்டு, தரையோடு ஒரு வெட்டு. மேலே சுற்றியதை இழுக்கவில்லை; இழுத்தால் பட்ட கிளையும் சேர்ந்து தலையில் விழும். அது மரத்திலேயே காய்ந்து உதிரட்டும். ஆனால் மே மாதத்தில் அடிக்கட்டைகளில் தளிர்கள் கொத்துக்கொத்தாகக் கிளம்பிவிட்டன. மனம் சோர்ந்துதான் போனது. கொடியின் இளங்கன்றுகளை மட்டும் மழைக்கு மறுநாள் வேரோடு பிடுங்குகிறோம். வேர் செம்மஞ்சள் நிறம், அடையாளம் தப்பாது. கட்டைகளுக்குக் களைக்கொல்லி பூசலாம் என்றால், பொது நிலத்தில் அதை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும். சதுப்பு ஓரம் 100 அடிக்குள் வேலை செய்ய ஊரின் இயற்கைப் பாதுகாப்புக் குழுவின் ஒப்புதலும் தேவை. விண்ணப்பித்திருக்கிறோம்.

அதே காட்டில் பரவியிருக்கும் இன்னொரு அந்நியச் செடியான ஜப்பானியப் பார்பெரி முட்புதர்களை இன்னும் தொடவில்லை. 1875-இல் பாஸ்டனின் அர்னால்டு தாவரத் தோட்டத்துக்கு விதையாக வந்த அழகுச்செடி அது. இன்று அதன் ஈர நிழலில் உண்ணிகள் பெருகுகின்றன. உதவ வருபவர்கள் கால்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வாருங்கள். பிட்டர்ஸ்வீட் பழக்கொத்தை வாசல் அலங்காரத்துக்கென்று தயவுசெய்து எடுத்துச் செல்லாதீர்கள்; அதன் விதை வழியே கொடி இன்னும் பரவும்.