வாட்ஸ்அப்புக்கு 213 கோடி அபராதம்: நமக்கு என்ன கிடைத்தது?

பழைய மோடம்:
2021 ஜனவரியில் வாட்ஸ்அப் திரையில் ஒரு பெட்டி வந்தது நினைவிருக்கும். நம் தகவலைப் பேஸ்புக் குழுமத்தோடு பகிர்வது பற்றிய புதிய நிபந்தனைகளைப் பிப்ரவரி 8-க்குள் ஏற்காவிட்டால் கணக்கைப் பயன்படுத்த முடியாது என்றார்கள். கூச்சல் கிளம்பியதும் மே 15 வரை தள்ளிவைத்தார்கள். இந்தியப் போட்டி ஆணையம் அதைத் தானாகவே விசாரணைக்கு எடுத்து, 2024 நவம்பர் 18 அன்று வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டாவுக்கு (பேஸ்புக் நிறுவனத்தின் இப்போதைய பெயர்) 213.14 கோடி ரூபாய் அபராதம் போட்டது. விளம்பரத்துக்காக மெட்டாவின் மற்ற நிறுவனங்களுக்கு நம் தகவலைக் கொடுக்க ஐந்தாண்டுத் தடையும் விதித்தது. 2025 நவம்பர் 4-ல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, தடையை நீக்கிவிட்டது. என் கட்சி இதுதான்: அபராதம் நியாயம், தடையை எடுத்தது தவறு.

பாத்திரக்கடை:
நான் எதிர்க்கட்சி. எந்தக் காசும் வாங்காமல் போன், படம், வீடியோ எல்லாம் தருகிறான். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாமா? பிடிக்காதவர்கள் அழித்துவிட்டுப் போகலாமே. அதுவும் போக, நாம் அனுப்பும் செய்தியை அவர்களாலேயே படிக்க முடியாது என்கிறார்கள். அப்புறம் எதைத் திருடினார்கள்?

பழைய மோடம்:
மாடு தானம்தான் அண்ணா, ஆனால் அது மேய்வது நம் தோட்டத்தில். செய்தியைப் படிக்க முடியாது என்பது உண்மை. யாரோடு, எத்தனை மணிக்கு, எவ்வளவு அடிக்கடி பேசுகிறோம், எந்தக் கைபேசி, எந்த இணைய முகவரி, எந்தக் கடைக்கு எழுதினோம் என்பதெல்லாம் அந்தப் பூட்டுக்கு வெளியேதான் கிடக்கிறது. தபால்காரர் கடிதத்தைப் பிரிக்காவிட்டாலும் யார் வீட்டுக்கு யார் எழுதுகிறார்கள் என்று அவருக்குத் தெரியும் அல்லவா, அப்படி.

கேஸ்கட்டு:
இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், கொஞ்சம் பழைய கதை. பேஸ்புக் 2014-ல் 1,900 கோடி டாலருக்கு வாட்ஸ்அப்பை வாங்குவதாக அறிவித்தது. அப்போது ஐரோப்பிய ஆணையத்திடம், இரண்டு சேவைகளின் கணக்குகளையும் நம்பகமாகத் தானியங்கி முறையில் பொருத்திப் பார்க்க முடியாது என்று சொன்னது. 2016-ல் பொருத்துவதற்கு வழிசெய்யும் கொள்கையையே கொண்டுவந்தது! 2014-லேயே அது முடியும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும் என்று கண்டுபிடித்து, 2017 மே மாதம் 11 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். ஆகவே இவர்கள் சொல்வதை நம்பலாமா என்ற கேள்வி நம் ஊரில் புதிதாகப் பிறந்ததல்ல.

2016-ல்கூட ஏற்கெனவே கணக்கு வைத்திருந்தவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று சொல்ல 30 நாள் கொடுத்தார்கள். 2021-ல் நம்மிடம் அந்தப் பேச்சே இல்லை. ஐரோப்பியர்களுக்கு மட்டும் தனிக் கொள்கை. வழக்கின் உயிர் இதில்தான் இருக்கிறது.

பாத்திரக்கடை:
சரி, கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. ஆனால் போட்டி ஆணையம் ஏன்? சிமெண்டு கம்பெனிகள் கூடிப் பேசி விலையை ஏற்றினால் பிடிக்கிறவர்கள்தானே அவர்கள்? தனியுரிமை அவர்கள் வேலையா?

கேஸ்கட்டு:
மெட்டாவும் இதைத்தான் வாதாடியது. 2016 கொள்கையைப் பற்றிய வழக்கே உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது, ஆணையம் தலையிடக்கூடாது என்றார்கள். டெல்லி உயர் நீதிமன்றம் 2021-லும் 2022-லும் ஏற்கவில்லை. உச்ச நீதிமன்றமும் 2022 அக்டோபரில் விசாரணையைத் தடுக்க மறுத்தது. தனியுரிமை அடிப்படை உரிமை என்று 9 நீதிபதிகள் 2017-லேயே சொல்லிவிட்டார்கள். தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்ததோ 2023-ல், அதன் விதிகள் 2025 நவம்பரில். நடுவில் இதற்குக் கைகொடுத்தது போட்டிச் சட்டம்தான். சந்தையில் ஆதிக்கம் உள்ளவன் அதை வைத்து மிரட்டினானா என்பதுதான் அந்தச் சட்டத்தின் கேள்வி.

பாத்திரக்கடை:
என்ன மிரட்டல்? வேறு செயலியே இல்லையா? அந்தச் சமயத்தில் நானே சிக்னல் போட்டுப் பார்த்தேன். மூன்று வாரம் வைத்திருந்தேன். வாடிக்கையாளர் ஒருத்தர்கூட அங்கே வரவில்லை, மொத்த வியாபாரிகளும் பில்லை வாட்ஸ்அப்பில்தான் அனுப்பினார்கள். திரும்பி வந்துவிட்டேன்.

பழைய மோடம்:
அண்ணா, ஆணையத்தின் தரப்பு சாட்சியே நீங்கள்தான் போலிருக்கிறது.

பாத்திரக்கடை:
மடக்கிவிட்டதாக நினைக்காதே தம்பி. அந்த 213 கோடியில் எனக்கு எத்தனை பைசா வந்தது? அரசு கஜானாவுக்குத்தானே போகிறது? போன வருடம் ஒரு செயலியில் கடன் வட்டி எவ்வளவு என்று சும்மா பார்த்தேன். மறுநாள் காலையிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து போன். என் நம்பரை விற்றவனை எந்த ஆணையம் கேட்டது?

மூணாவது பெஞ்ச்:
இதில் பாத்திரக்கடை அண்ணன் பக்கம்தான் நான். கணக்குப் போட்டுப் பார்த்தேன்: மெட்டாவின் 2024 வருமானம் சுமார் 16,450 கோடி டாலர். 213 கோடி ரூபாய் என்பது அவர்களுக்கு ஒன்றரை மணி நேர வரவுகூட இல்லை. இதற்கு அபராதம் என்று பெயர்!

கேஸ்கட்டு:
இன்னும் கசப்பான ஒன்று சொல்கிறேன். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்று ஒரு பிரிவு உண்டு. தகவலைக் கவனமின்றிக் கையாண்ட நிறுவனத்திடம் பாதிக்கப்பட்டவர் நஷ்டஈடு கேட்கலாம். 2023 சட்டம் அதை நீக்கச் சொல்கிறது. புதிய சட்டத்தில் 250 கோடி வரை அபராதம் உண்டு, ஆனால் அது அரசுக்கு. பொய்ப் புகார் கொடுத்தால் நமக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் உண்டு, அதையும் மறக்காமல் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பழைய மோடம்:
அதனால்தான் தடை முக்கியம் என்கிறேன். அபராதத்தைக் கட்டிவிட்டுப் போய்விடுவான், தடை இருந்தால்தான் வலிக்கும்.

கேஸ்கட்டு:
அதில் உங்களோடு ஒத்துப்போக மாட்டேன். ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமையைப் பயனர் கையில் கொடுக்கச் சொல்லி ஆணையம் உத்தரவிட்ட பிறகு, ‘சரி’ என்று சொல்பவரையும் சேர்த்து ஐந்து வருடம் தடுக்கக் காரணம் இல்லை என்றது தீர்ப்பாயம். எனக்கு அது தர்க்கமாகத்தான் படுகிறது. அந்த வசதியை எங்கே ஒளித்து வைப்பார்கள் என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

பாத்திரக்கடை:
விளம்பரம் போடுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்கும் தடை வேண்டாம். தீபாவளிக்குக் குக்கர் விளம்பரம் எங்கள் ஊர்க்காரர்கள் கண்ணில் பட்டால்தான் எனக்குக் கட்டுப்படியாகும். ஆனால் ஐரோப்பாக்காரனுக்குத் தனி நிபந்தனை, நமக்கு வேறு என்றது உறுத்துகிறது. அதை மட்டும் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன், மாட்டைப் பற்றிச் சொன்னதை அல்ல. அந்த ‘வேண்டாம்’ பொத்தான் எங்கே இருக்கிறது என்று யாராவது கண்டுபிடித்தால் படம் பிடித்து இங்கே போடுங்கள்.