ஹெட் நட் ஒன்று மட்டும் டார்க் ஏறாமல் சுற்றுகிறது: இன்னும் திருப்பலாமா?

கேள்வி:
வணக்கம் நண்பர்களே. 150 சிசி என்ஜின், ஏர் கூல்டு, ஒற்றை சிலிண்டர். ஹெட் கேஸ்கெட் புதிது. மேனுவலில் நான்கு 8 மி.மீ. ஸ்டட்டுக்கும் (இரு முனையிலும் மரை உள்ள தண்டு) டார்க், அதாவது இறுக்கும் முறுக்கு விசை, 22 நியூட்டன் மீட்டர், மரை காய்ந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. செயின் பக்கத்து 6 மி.மீ. போல்ட் இரண்டுக்கும் 10. மூன்று நட்டில் டார்க் ரெஞ்ச் 22-இல் 'டிக்' அடித்துவிட்டது (வைத்த அளவு வந்ததும் அப்படி அடிக்கும்). எக்ஸாஸ்ட் பக்கம் வலது நட் 16-இல் அடித்தது. 22-க்கு வைத்து அரைச் சுற்றுக்கு மேல் திருப்பியும் அடிக்கவில்லை. மரையில் கிரீஸ் தடவியிருந்தேன்.

பதில் 1:
வேண்டாம், அங்கேயே நிறுத்துங்கள். 8 மி.மீ. ஸ்டட்டில் மரை இடைவெளி பெரும்பாலும் 1.25 மி.மீ. அரைச் சுற்று என்றால் 0.6 மி.மீ.க்கு மேல். 16-இலிருந்து 22-க்குப் போக அவ்வளவு தேவையே இல்லை. ஒன்று ஸ்டட் நீள்கிறது, இல்லை கிராங்க் கேஸ் அலுமினிய மரை மேலே பிடுங்கிக்கொண்டு வருகிறது.

கிரீஸ்தான் முதல் சந்தேகம். நாம் கொடுக்கும் டார்க்கில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு உராய்விலேயே போகிறது. மிச்சம்தான் ஸ்டட்டை இழுக்கும். உராய்வைக் குறைத்தால் அதே 22-இல் இழுவை எகிறிவிடும். எண்ணெய் தடவச் சொல்லும் மேனுவலும் உண்டு. உங்களுடையது காய்ந்த மரைக்கான அளவு.

குளிர்ந்த என்ஜினில் நான்கையும் கால் கால் சுற்றாக, குறுக்கு வரிசையில் தளர்த்துங்கள். இரண்டு நட்டை ஒன்றோடொன்று இறுக்கி, கீழ் நட்டில் ஸ்பானர் போட்டு அந்த ஸ்டட்டை வெளியே எடுங்கள். அடி மரையில் வெள்ளிச் சுருள் மாதிரி அலுமினியம் ஒட்டியிருந்தால் கேஸ் மரை போய்விட்டது. சுத்தமாக இருந்தால் நல்ல ஸ்டட் ஒன்றை மரையோடு மரை பொருத்தி வெளிச்சத்தில் பாருங்கள். இழுபட்டு நீண்டுபோன ஸ்டட்டில் பல் சேராமல் நடுவில் வெளிச்சம் தெரியும்.

பதில் 2:
டிக் அடித்த மூன்றையும் நம்ப வேண்டாம். மூடிய டோம் நட்டா? வாஷர் விட்டுப்போனாலோ மெலிதாக இருந்தாலோ ஸ்டட் நுனி நட்டின் உள்முகட்டில் முட்டும். ரெஞ்ச் டிக் அடிக்கும், ஹெட் மேல் அழுத்தமே இருக்காது. எண்ணெய் ஏறும் ஸ்டட்டில் செம்பு வாஷர் வரும்; இடம் மாற்றிப் போட்டால் அங்கே கசியும்.

கேள்வி கேட்டவர்:
எடுத்துப் பார்த்தேன். அடி மரை முழுக்க அலுமினியச் சுருள். வாஷர்கள் சரி.

பதில் 1:
அப்படியானால் ஹெலிகாயில் (துளையைப் பெரிதாக்கி உள்ளே பதிக்கும் கம்பிச் சுருள் மரை) போட வேண்டும். பிளாக்கைக் கழற்றினால்தான் கேஸ் துளை கைக்கு வரும், ஆகவே பேஸ் கேஸ்கெட்டும் புதிது வாங்குங்கள். ஒரு முறை அமுங்கிய ஹெட் கேஸ்கெட்டை மறுபடி போடாதீர்கள். துளையிடுமுன் கேஸ் வாயில் துணி அடைத்து, டிரில் நேர் செங்குத்தாக இறங்கும்படி பிடிக்க வேண்டும். சாய்ந்தால் ஸ்டட் சாயும், பிளாக் இறங்காது. கை பழகாதவர்கள் லேத் பட்டறையில் கொடுப்பது மேல்.

திரும்பப் பூட்டும்போது கிரீஸை பெட்ரோலில் கழுவி உலர விடுங்கள். ஹெட் முகத்தில் ஸ்ட்ரெயிட் எட்ஜ் வைத்துப் பாருங்கள், 0.05 மி.மீ. ஃபீலர் தகடு இடையில் நுழைந்தால் மேனுவல் எல்லையோடு ஒப்பிடுங்கள். கம்ப்ரஷன் டாப்பில் பிஸ்டனை நிறுத்தி, 10, 16, 22 நியூட்டன் மீட்டர் என மூன்று கட்டமாக, குறுக்கு வரிசையில் இறுக்குங்கள். 6 மி.மீ. போல்ட் கடைசியில். டிக் கேட்டதும் கையை எடுங்கள், உறுதிக்கென்று இன்னொரு முறை அழுத்தினால் அளவு தாண்டும்.

கடைசியாக டாப்பெட் இடைவெளி (வால்வு நுனிக்கும் அதை அழுத்தும் ராக்கருக்கும் இடையே உள்ளது) பாருங்கள். ஹெட்டைக் கழற்றிப் பூட்டியதில் அதுவும் மாறியிருக்கலாம்.