ஷாத்தோநெஃப் து பாப் வைன்: முதல் பாட்டில் அனுபவம் சொல்லுங்க

ரோன்கரையான்:
மூணு வருஷமா தெற்கு பிரான்ஸ்ல, அவிஞ்ஞோன்ல இருக்கேன். போன செப்டம்பர்ல தெரிஞ்சவர் ஒருத்தர் கூப்பிட்டாரேன்னு ஷாத்தோநெஃப் து பாப்ல ரெண்டு நாள் திராட்சை பறிக்கப் போனேன். அந்த ஊர் வைனுக்கு மெஷின் பறிப்பு கூடாது, கையாலதான் பறிக்கணும்னு விதியே இருக்கு. நான் நினைச்ச மாதிரி பந்தலும் இல்ல, கம்பியும் இல்ல. முழங்காலுக்குக் கொஞ்சம் மேல நிக்கிற குட்டைச் செடிங்க. நாள் முழுக்கக் குனிஞ்ச இடுப்பு நிமிரல. அந்தத் தோட்டத்துல மண்ணே கண்ணுக்குத் தெரியல, எங்க பார்த்தாலும் தேங்காய் அளவு உருண்டைக் கல். மதியம் மூணு மணிக்கு ஒரு கல்லைத் தொட்டுட்டு வெடுக்குன்னு கையை எடுத்துட்டேன். அந்தச் சூடு ராத்திரியிலும் பழத்துக்குப் போய்ச் சேருமாம்.

ரெண்டாம் நாள் சாயங்காலம் தோட்டக்காரர் நிலவறைக்குக் கூட்டிட்டுப் போனார். முந்தின வருஷத்து வைன், இன்னும் கலக்காம, திராட்சை ரகம் ரகமாத் தனித்தனித் தொட்டியில இருந்தது. முதல்ல கிரெனாஷ். பழுத்த ஸ்ட்ராபெர்ரி வாசனை, நாக்குல துளி சர்க்கரை கிடையாது, ஆனா மூக்குக்கு இனிக்குது. விழுங்கினதும் தொண்டையில சூடு. நிறம் என்னவோ வெளுப்புதான். அடுத்து சிரா: மை மாதிரி கருப்பு, மிளகு வாசனை. மூர்வெத்ர் வாயில வச்சதும் ஈறெல்லாம் இழுத்துப் பிடிச்சுது, பழைய தோல் பை வாசம். தனியா ஒரு டம்ளர் குடிக்கச் சொன்னா ஓடிடுவேன். அப்புறம் மூணையும் கண் அளவுல ஒரே கிளாஸ்ல ஊத்திக் கலக்கிக் கொடுத்தார். கிரெனாஷோட சூடு அடங்கிடுச்சு, மூர்வெத்ரோட முரட்டுத்தனம் காணோம். ஒரு ரகமும் தனியாத் தெரியல. எனக்கு அன்னிக்குத்தான் கலவை வைன்னா என்னன்னு புரிஞ்சுது.

உங்களுக்கு எப்படி இருந்தது? எதோட சாப்பிட்டீங்க?

கோப்பைகழுவி96:
தம்பி, நான் 96ல பாரிசுக்கு வந்தனான். பெயரைப் பாத்தாலே முதல் வேலை என்னெண்டு விளங்கும். ஒரு பிரெஞ்சு ரெஸ்டோரண்டில ஆறு வருசம் கோப்பை கழுவி, பிறகுதான் அடுப்படிக்கு விட்டவங்கள். மேசையால திரும்பி வாற போத்தல்களின்ர அடியில ரெண்டு விரல் கிடக்கும். அப்பிடித்தான் முதல் வாய் ஷாத்தோநெஃப் குடிச்சனான், பிளாஸ்டிக் கோப்பையில. பிடிக்கேல்லை, கசாயம் எண்டு நினைச்சன்.

பிடிக்க வைச்சது தோப் தான். மாட்டிறைச்சியை முதல் நாளே சிவப்பு வைன், பூண்டு, தைம், பிரிஞ்சி இலை, தோடம்பழத் தோல் போட்டு ஊற விட்டு, அடுத்த நாள் நாலு மணித்தியாலம் மெல்லிய நெருப்பில வைக்கிறது. ஷாத்தோநெஃப்பைச் சட்டியில ஊத்திறது பாவம், அதுக்கு மலிவான கோத் து ரோன் வைன் காணும். எங்கட மீன்குழம்பு போலத்தான், மறுநாள் சூடாக்கினால்தான் ருசி. ஒருநாள் செஃப் ஒரு தட்டு தோப்பும் ஒரு கிளாஸ் ஷாத்தோநெஃப்பும் தந்து "இப்ப குடி" எண்டார். இறைச்சிக் கொழுப்பு நாக்கில படிஞ்சிருக்க, அந்தக் கசாயம் கரைஞ்சு போச்சுது.

அந்தச் சந்தோசத்தில ஒரு போத்தல் வாங்கி வீட்டை கொண்டு போய் நண்டுக்கறியோட குடிச்சம். ஐயோ! வாய் பத்தி எரிஞ்சுது. மனுசி இண்டைக்கும் சொல்லிக் காட்டுவா.

மிளகுமூக்கி:
அண்ணா, நண்டு மேலயும் தப்பில்ல, வைன் மேலயும் தப்பில்ல. மிளகாயோட காரத்தை வாயில எந்த உணர்வி பிடிக்குதோ, ஆல்கஹாலும் அதைத்தான் தூண்டும். 14.5 சதவீத வைனையும் நண்டுக்கறியையும் சேர்த்தா எரிச்சல்மேல எரிச்சல்தான்.

என் கதை வேற. சிராவுல இருக்கிற மிளகு வாசனை கற்பனை இல்ல. ரொட்டண்டோன்னு ஒரு பொருள், நம்ம குருமிளகுல இருக்கிற அதேதான். 2008ல ஆஸ்திரேலியாவுல கண்டுபிடிச்சுச் சொன்னாங்க. அஞ்சு பேர்ல ஒருத்தருக்கு அது மூக்குல ஏறவே ஏறாதாம். எங்க வீட்டுல அந்த ஒருத்தர் என் வீட்டுக்காரர். "மிளகா? எங்க?"ன்னு கிளாஸுக்குள்ள மூக்கை விட்டுத் தேடுவார். ரசத்துல மட்டும் மிளகு குறைஞ்சா உடனே தெரியும். காரம் வேற, வாசனை வேறன்னு நானும் சொல்லிச் சொல்லிப் பார்த்துட்டேன்.

பழையபேட்டை:
போப்பைப் பத்தி யாருமே வாயைத் திறக்கலையே! 1309லேர்ந்து 1377 வரைக்கும் போப்புகள் ரோமை விட்டு அவிஞ்ஞோன்ல இருந்தாங்க. இருபத்திரண்டாம் ஜான் போப் கோடைக்குத் தங்க இந்த ஊர்ல கோட்டை கட்டினார். ஷாத்தோநெஃப் து பாப்னா "போப்பின் புதுக்கோட்டை"ன்னு அர்த்தம். பாட்டில் கண்ணாடியிலேயே போப்போட சாவிச் சின்னம் புடைச்சிருக்கும், தடவிப் பாருங்க. 1923ல லெ ருவான்னு ஒரு பிரபு, வக்கீல், போர் விமானியும்கூட, போலிகளைத் தடுக்க விதி எழுதினார். எந்த நிலம் சேரும்? லாவெண்டரும் தைமும் சேர்ந்து முளைக்கிற வறண்ட நிலம். இதைவிட நல்ல எல்லைக்கல் நான் கேள்விப்பட்டதில்ல. 1936ல அரசு அங்கீகாரம், 13 திராட்சை ரகத்துக்கு அனுமதி. நிறத்தைப் பிரிச்சு எண்ணினா இப்ப 18. சிவப்பு வைன்ல வெள்ளைத் திராட்சையும் கலக்கலாம்.

இன்னொண்ணு. 1954ல அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டு எதுவும் எங்க எல்லைக்குள்ள இறங்கக் கூடாதுன்னு உத்தரவே போட்டார். இதுவரைக்கும் யாரும் மீறல.

யூரோ எண்ணுபவர்:
முப்பது யூரோவுக்குக் கீழ நல்ல பாட்டில் கண்ணுல படறதே இல்ல. நான் பக்கத்து ஊர் வக்கேராஸ், கெய்ரான்தான் வாங்கறேன். ரகம் ஏறக்குறைய அதேதான், சாவிக்குத்தான் காசு. திட்டறவங்க திட்டுங்க.

மாடிவீடு:
ஜூலையில பாரிஸ்ல மொட்டை மாடிக்குக் கீழ வீடு. "அறை வெப்பத்துல குடி"ன்னு படிச்சதை நம்பி 33 டிகிரியில ஊத்தினேன். இருமல் மருந்து! அறை வெப்பம்னு சொன்னது ஹீட்டர் இல்லாத காலத்துக் கல்வீட்டை வச்சு. 16, 17 டிகிரி போதும், முன்னாடியே ஃப்ரிட்ஜ்ல வச்சிடுங்க. இன்னொரு தடவை, ஒரு உணவகத்துல திறந்ததும் நனைஞ்ச அட்டைப்பெட்டி நாத்தம். கார்க் கெட்டுப்போனா அப்படித்தான் வருமாம். வெக்கப்பட்டுக்கிட்டு முழு பாட்டிலும் குடிச்சேன். நீங்க திருப்பிக் கொடுங்க.

ரோன்கரையான்:
எல்லாத்துக்கும் நன்றி. போன ஞாயிறு ஆட்டுத்தொடைக்குத் தைமும் பூண்டும் செருகி அடுப்புல வச்சேன், கூட ஆலிவ், காளான். பொருந்திப் போச்சு. மறுநாள் மிச்சக் கறியை மிளகாய் போடாம மிளகு, சோம்பு மட்டும் தட்டிப் போட்டு வறுவல். மிச்ச வைனோட அதுதான் இன்னும் நல்லா இருந்தது. வெள்ளாட்டுப் பால் சீஸ் மட்டும் ஒத்துவரல, வாயெல்லாம் தகரம். கோப்பைகழுவி அண்ணா, நண்டுக்கு என்னதான் குடிக்கிறது?

கோப்பைகழுவி96:
பியர்.