மறு: டிரைவ் லெட்டருக்குத் தமிழ் – ‘சுட்டெழுத்து’ என் பரிந்துரை

குழும நண்பர்களுக்கு வணக்கம். விண்டோஸில் ‘சி’, ‘டி’ என்று வரும் டிரைவ் லெட்டருக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> இயக்கி எழுத்து என்றே வைத்துவிடலாமே, எளிதாக இருக்கிறது.

‘இயக்கி’யை ஏற்கெனவே பிரிண்டர் டிரைவர், சவுண்ட் டிரைவர் என்று கருவிகளை இயக்கும் மென்பொருள்களுக்கு எல்லாம் கொடுத்துவிட்டோம். புதிதாக இயங்குதளம் நிறுவியவர் முதலில் தேடுவதும் இந்த இயக்கிகளைத்தான். அவரிடம் போய் ‘இயக்கி எழுத்தைப் பாருங்கள்’ என்றால் அந்த மென்பொருள்களைப் பார்க்கும் டிவைஸ் மேனேஜரைத்தான் நேராகத் திறப்பார்.

> வட்டெழுத்து?

பாண்டிய நாட்டுக் கல்வெட்டுகளில் நூற்றாண்டுகளாகப் புழங்கிய எழுத்துமுறையின் பெயர் அது. இராமநாதபுரத்தில் இருந்துகொண்டு அதை வேறொன்றுக்குத் தர எனக்கு மனம் வரவில்லை. அதோடு, எழுத்து வட்டுக்கு (டிஸ்க்குக்கு) உரியதும் அல்ல. ஒரே வட்டை நான்கு பகுதியாகப் பிரித்தால் நான்கு எழுத்து. பென் டிரைவுக்கும் எழுத்து உண்டு, நெட்வொர்க்கில் உள்ள ஃபோல்டருக்கும் கொடுக்கலாம்.

அந்த எழுத்து என்ன வேலை செய்கிறது என்பதிலிருந்து தொடங்கலாம். அண்மையில் மண்டபத்தில் ஓர் ஐஸ் கம்பெனியின் கணக்குக் கணினியைப் பார்க்கப் போனேன். ‘சி’ பகுதியை மட்டும் அழித்து விண்டோஸ் 10 போட்டிருந்தார்கள். கணக்கு மென்பொருளையும் மறுபடி நிறுவி, பழையபடி ‘டி’யைக் காட்டினால் எதுவும் வரவில்லை. படகுக்காரர்களின் ஐஸ் பாக்கி முழுவதும் அதில்தான் இருக்கிறது. “டி டிரைவ்லதானே தம்பி வச்சிருந்தோம், இப்ப அதைத் தொட்டா சிடி போடச் சொல்லுது” என்றார் கணக்கு எழுதும் அக்கா. பக்கத்தில் ஒருவர், எல்லாவற்றையும் ஃபார்மேட் செய்து முதலிலிருந்து போடலாம் என்று தயாராக நின்றார்.

தரவு எங்கும் போகவில்லை. புது விண்டோஸ், டிவிடி டிரைவுக்கு ‘டி’யைக் கொடுத்துவிட்டு, பழைய ‘டி’யை ‘ஈ’ ஆக்கியிருந்தது, அவ்வளவுதான். விண்டோஸ் விசையோடு எக்ஸை அழுத்தி டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்தோம். டிவிடியை வலச்சொடுக்கி முதலில் ‘இசட்’டுக்குத் தள்ளினோம். ‘டி’ காலியானதும் ‘ஈ’யை ‘டி’ ஆக்கினோம். பாக்கிப் பட்டியல் வந்துவிட்டது. இந்த வரிசை முக்கியம், ஒரே எழுத்தை இரண்டுக்குக் கொடுக்க விண்டோஸ் விடாது. விண்டோஸ் இருக்கும் பகுதியின் எழுத்தை மட்டும் அங்கே மாற்ற முடியாது. விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்துவைக்கும் பதிவேட்டில் (ரெஜிஸ்ட்ரியில்) கைவைத்து மாற்றவும் கூடாது. நிறுவிய மென்பொருள்கள் எல்லாம் அந்த எழுத்தை வைத்தே முகவரி எழுதிவைத்திருக்கும். எக்ஸ்பி காலத்தில் கார்டு ரீடர் செருகியிருந்தால் அதன் துளைகள் முன்னெழுத்துகளைப் பிடித்துக்கொண்டு, விண்டோஸ் ‘எஃப்’பிலோ ‘ஜி’யிலோ போய் உட்கார்ந்துவிடும். கார்டு ரீடரைக் கழற்றிவிட்டு மறுபடி நிறுவுவதுதான் அதற்குச் சரியான வழி.

ஆக, இந்த எழுத்து அந்தப் பகுதியின் பெயர் அல்ல. ஒவ்வொரு விண்டோஸும் தன் பதிவேட்டில் தனக்கென்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. இரண்டு விண்டோஸ் உள்ள கணினியில் இரண்டுமே தன் இடத்தைச் ‘சி’ என்று சொல்லலாம். விண்டோஸைப் பழுதுபார்க்க உதவும் மீட்புச் சூழலில் நுழைந்தால் அதே இடம் ‘டி’ என்று நிற்கக்கூடும். படகை வடகடலில் கட்டினாலும் தென்கடலில் கட்டினாலும் அதன் மேல் எழுதிய பதிவெண் மாறாது. லினக்ஸில் ஒரு பகுதியை அடையாளம் காட்டும் யூயூஐடி என்ற எண் அப்படிப்பட்டது. டிரைவ் லெட்டரோ ‘அந்த மூன்றாவது படகு’ என்று கரையில் நிற்பவர் கைகாட்டுவது.

கைகாட்டும் எழுத்துக்கு நம் இலக்கணத்தில் பெயர் இருக்கிறது: சுட்டெழுத்து. அ, இ, உ மூன்றும். (கடலுக்கு அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்தில் ‘உது’, ‘உவன்’ என்று உகரச் சுட்டு இன்றும் பேச்சில் இருக்கிறது.) நான் ‘இது’ என்பது எதிரில் நிற்பவருக்கு ‘அது’. பேசுபவர் மாறினால் சுட்டும் மாறும். ‘சி’யும் ‘டி’யும் செய்வது அச்சு அசலாக இதைத்தான்.

இலக்கணச் சொல்லோடு மோதாதா என்று கேட்பீர்கள். வட்டெழுத்துக்கு மறுத்துவிட்டு இதற்கு மட்டும் ஏன் என்றும் கேட்கலாம். அங்கே இரண்டு பொருளுக்கும் உறவே இல்லை. இங்கே இரண்டும் ஒரே வேலை. கட்டுரையில் முதல் முறை ‘இயக்ககச் சுட்டெழுத்து’ (இயக்ககம் என்றால் டிரைவ்) என்று முழுதாக எழுதிவிட்டு, அப்புறம் ‘சுட்டெழுத்து’ போதும்.

உதவிப் பக்கத்துக்கு வினைகளையும் சேர்த்தே முடிவு செய்துவிடலாம்: சுட்டெழுத்து ஒதுக்கு, மாற்று, நீக்கு. ‘நீக்கு’ என்பதில் மட்டும் எனக்குத் தயக்கம். கோப்பே அழிந்துவிடும் என்று அந்த அக்கா போன்றவர்கள் பயப்படுவார்கள். ‘சுட்டெழுத்தை எடு’ சரியாக வருமா? சொல்லுங்கள்.