வெயில் காலத் தோட்டத்தில் எதை, எப்போது பார்ப்பது?

மொட்டைமாடி:
தொட்டியில் தக்காளி, கத்தரி, கறிவேப்பிலை. பந்தலில் பூசணி, புடலை. தண்ணீர் ஊற்றுவதைத் தவிர, தினம் பத்து நிமிஷம் நின்று பார்ப்பதென்றால் எந்த நேரம் நல்லது? இன்னொன்று: விடியற்காலையில் தக்காளி இலையோரத்தில் மட்டும் வரிசையாக நீர்மணிகள் நிற்கின்றன. பனி என்றால் இலை முழுக்க அல்லவா இருக்கணும்? நோயா?

வேரடி:
நோய் இல்லைங்க, பனியும் இல்லை. மண் ஈரமாக இருந்தால் வேர் இரவிலும் நீரை மேலே தள்ளும். இலைத்துளைகள் மூடிக்கிடப்பதால் அது ஆவியாகப் போக வழியில்லை. நரம்பு முடிகிற ஓரங்களில் சொட்டாக வெளியே வந்துவிடும். நீர் வடிதல் என்பார்கள். வெயில் பட்டால் போச்சு, அதற்குள் பார்த்துவிடுங்கள். பத்து மடங்கு லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து, இலையை 2.5 செ.மீ. தூரத்துக்குக் கொண்டுவாருங்கள். லென்ஸை இலைமேல் வைத்துவிட்டுக் கண்ணைத் தள்ளி வைத்தால் ஒன்றும் பிடிபடாது. சொட்டு காய்ந்த இடத்தில் வெள்ளைத் தடம் தங்கினால் அது உப்பு, உரம் கூடிப்போயிருக்கலாம்.

கத்தரிப் பூவைக் காதால் பாருங்கள். அதன் மகரந்தப்பை நுனியில் சின்னத் துளைதான் உண்டு, உலுக்கினால்தான் தூள் கொட்டும். பெரிய கறுப்பு வண்டு பூவைக் கட்டிப்பிடித்ததும் ரீங்காரம் சட்டென்று உச்சத்துக்கு ஏறும். அந்த அதிர்வில்தான் மகரந்தம் உதிர்கிறது.

கொடிப்பந்தல்:
காலை சரி, ஆனால் புடலை வைத்திருப்பவர் மாலையைத் தவறவிடலாமா? மொட்டுக்குள் இதழோர இழைகள் சுருண்டு கிடக்கும். பொழுது சாய்ந்ததும் ஐந்து இதழும் விலகி, இழைகள் மெல்லப் பிரிந்து நீளும். ஓரம் நூல்நூலாகப் பிரிந்த வெள்ளைத் துணி மாதிரி. இருட்டில் வரும் அந்துப்பூச்சிக்காகத்தான் இத்தனை அலங்காரமும். காலையில் போனால் வதங்கிய சுருணைதான் மிச்சம்.

டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித் தாளைச் சுற்றிக்கொள்ளுங்கள். வெள்ளை வெளிச்சம் பூச்சியைத் திசைதிருப்பிவிடும். மாலையில் பந்தல்மேல் தண்ணீர் தெளிக்காதீர்கள், நனைந்த மகரந்தம் வெடித்து வீணாகும். வேப்பெண்ணெயும் அந்த நேரத்தில் வேண்டாம்.

ஆண்பூ நீண்ட காம்பில் கொத்தாக வரும். பெண்பூ தனியாக, அடியில் பிஞ்சோடு இருக்கும். கடும் வெயிலில் ஆண்பூதான் அதிகம், பயப்படாதீர்கள். பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்துகொண்டே இருந்தால் மட்டும், அன்று மாலை விரிந்த ஆண்பூவின் இதழைக் கிள்ளிவிட்டு, மிஞ்சும் மகரந்தப்பையைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவிவிடுங்கள்.

மொட்டைமாடி:
நன்றி. பூசணி இலை மதியம் குடை மடக்கினாற்போல் தொங்குகிறது. உடனே தண்ணீர் விடலாமா?

வேரடி:
முதலில் விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டினால் விடாதீர்கள். பெரிய இலை இழக்கும் வேகத்துக்கு வேரால் ஈடுகொடுக்க முடிவதில்லை, அவ்வளவுதான்; மாலையில் தானாக நிமிரும். காலையிலும் தொங்கினால்தான் கவலை. மண் ஈரமாக இருந்தும் காலையில் தொங்கினால் வேர் அழுகல் அல்லது தண்டுப்புழு, தண்டடியைப் பாருங்கள்.

இலைக்கொழுந்து:
கறிவேப்பிலையை விட்டுவிட்டீர்களே! தளிர் இலையில் கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் உருண்டை தெரிந்தால் வண்ணத்துப்பூச்சி முட்டை. பொரித்து வரும் புழு அசல் பறவை எச்சம்தான், அதனாலேயே பலர் கவனிப்பதில்லை. வளர்ந்து பச்சையானதும் லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். ஒரு தடவை போதும், சும்மா சீண்டாதீர்கள். சின்னத் தொட்டிச் செடியென்றால் இரண்டு புழுவுக்குமேல் தாங்காது. மிச்சத்தை இலையோடு கிள்ளி எலுமிச்சையிலோ பெரிய கறிவேப்பிலையிலோ வைத்துவிடுங்கள். எலுமிச்சைக் குடும்பத்தில் சேராத செடிக்கு மாற்றினால் பட்டினிதான்.