இதயத்தைச் சுற்றி நீர் கோத்த அனுபவம் யாருக்காவது உண்டா?

வைகைக்கரை:
அம்மாவுக்கு டயாலிசிஸ் ஓடிக்கொண்டிருந்த சமயம். கொஞ்ச நாளாகப் படுத்தாலே மூச்சு முட்டும், மடியில் தலையணையை வைத்து முன்னால் குனிந்தபடிதான் தூக்கம். நுரையீரலில் நீர் என்றே எல்லாரும் சொன்னார்கள். எக்கோ எடுத்தவர் திரையைக் காட்டினார். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம், அதற்குள் இதயம் ஊசலாடுகிறது. துடிக்காமல் இல்லை, ஆனால் வலது கீழறை ரத்தம் வாங்க விரிய வேண்டிய நேரத்தில் உள்பக்கமாக மடங்குகிறது. அந்த மடங்கலை மறக்கவே முடியவில்லை. 800 மில்லி எடுத்தார்கள்.

நைட்_டியூட்டி:
ஐசியூ நர்ஸ் நான். ஸ்டென்ட் வைத்து வந்த பெரியவர், திடீரென்று பிரஷர் 70. உள்ளே எங்கோ ரத்தம் போகிறது என்று ஓடினால், கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்து நிற்கிறது. ரத்தம் வெளியே போன உடம்பில் அது அமுங்கித்தானே கிடக்கணும்? ரத்தக்குழாய் கசிந்து இதய உறைக்குள் தேங்கியிருந்தது. நெஞ்செலும்புக்குக் கீழே ஊசி விட்டு ஒரு சிரிஞ்ச் இழுத்ததுமே மானிட்டரில் பிரஷர் ஏறியதைப் பார்த்தேன், அதுவும் 60 மில்லிதான்.

கோடாங்கி:
60-லேயே ஒருத்தர் சாகக் கிடந்தார் என்றால் வைகைக்கரை அம்மா 800-ஐ வைத்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருந்தார்? சும்மா அடித்து விடாதீங்க.

பழைய_கம்பவுண்டர்:
கோடாங்கி, இரண்டும் நடக்கும். அந்த உறைக்குள் இயல்பாகவே 15 முதல் 50 மில்லி வரை நீர் உண்டு. உறை சட்டென்று இழுபடாது, அதனால் திடுதிப்பென்று 150, 200 சேர்ந்தாலே, சில சமயம் அதற்கும் குறைவாகவே, இதயம் நெரிபடும். வாரக்கணக்கில் மெல்ல ஊறினால் உறையும் கூடவே வளர்ந்து கொடுக்கும், ஒரு லிட்டருக்கு மேல்கூடத் தாங்கும். அழுத்தம் குறைவான வலப்பக்கம்தான் முதலில் அமுங்கும். உள்ளே வரும் ரத்தம் குறைந்தால் வெளியே தள்ளவும் இருக்காது, பிரஷர் விழும், ஈடுகட்ட நாடி ஓட்டமாக ஓடும். அப்புறம் ஒன்று, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: கால் வீங்கியிருக்கிறது, மூச்சு வாங்குகிறது என்று சிறுநீர் பிரியும் மாத்திரையை நீங்களாகவே கூட்டிக் கொடுக்காதீங்க. இதயம் இப்படி நெரிபடும்போது, வருகிற கொஞ்ச ரத்தத்தையும் அது குறைத்துவிடும். எடுத்த நீரை டிபிக்கும் புற்றுக்கும் அனுப்பினார்களா என்று கேளுங்க, நம் நாட்டில் டிபி முக்கியமான காரணம். என் மச்சானுக்கு அதுதான், ஆறு மாத மாத்திரையில் சரியானார்.

கோடாங்கி:
சரி அண்ணே. ஆனா நான் கேட்டது ஒரு வரி.

மல்லி:
சித்திக்குத் தைராய்டு மாத்திரையை நிறுத்தியதில் வந்தது. பிரஷர் நன்றாக இருந்ததால் ஊசி விட்டு நீர் எடுக்கவே இல்லை. மாத்திரையைத் திரும்ப ஆரம்பித்தார்கள், ஒவ்வொரு எக்கோவிலும் நீர் குறைந்துகொண்டே வந்தது. இப்போது மாத்திரை டப்பா என் பொறுப்பு.