ஒப்பாரி வைக்கத் தெரிந்த பாட்டி யார் வீட்டிலாவது இருக்கிறார்களா?

வணக்கம். மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். 1942, 43இல் சயாமிலிருந்து (தாய்லாந்து) பர்மாவுக்கு மரண ரயில் பாதை போட ஜப்பான்காரன் நம் ரப்பர் தோட்டங்களிலிருந்து ஆள் கொண்டுபோனானே, அதில் போன என் கொள்ளுத்தாத்தா திரும்பவே இல்லை. உடம்பு வரவில்லை, கருமாதியும் நடக்கவில்லை. பாட்டி சாகும்வரை வெள்ளிக்கிழமை விளக்கேற்றியதும் தன் அப்பாவுக்கென்று வாசற்படியில் ஒரு மங்கில் தண்ணீர் வைப்பார்.

அதைத்தான் நவீன நடனமாக அமைக்கிறேன். பரதம் படித்த உடம்பு எனக்கு, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டி தானாக வரும். மாரடிக்கிற கையும், தோளைக் கட்டிக்கொண்டு ஆடி ஆடி அழுகிற முதுகும் வீடியோ பார்த்து வரவில்லை. பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டும்.

அப்படி ஒரு பாட்டி இருந்தால், ஒரு மணி நேரம் பார்க்க விடுங்கள். அவர் சம்மதித்தால் மட்டுமே குரலைப் பதிவு செய்வேன். நடனத்துக்குப் பழைய காண்டாக்கம்பு (வாளிகளைத் தொங்கவிட்டுத் தோளில் சுமக்கும் கம்பு), ரப்பர் பால் வாளி இருந்தாலும் இரவல் கொடுங்கள், பத்திரமாகத் திருப்பித் தருகிறேன். ஈப்போ, கோலகங்சார் பக்கம் என்றாலும் வருவேன்.